வால்வு எங்கே இருக்கிறது? கணினியில் வரைபடம் போடக் கற்ற அனுபவம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் பார்டரில் பாஸ் பண்ணியவன். அப்படிப்பட்ட என்னை வரைபட மென்பொருள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற ஏப்ரல் மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சி பிளாக்குக்குப் போகும் குடிநீர்க் குழாய் உடைந்தது. தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டடம் கட்டிய நாளில் இருந்து வேலை பார்த்த பிளம்பர் அண்ணனுக்குத் தெரியும். அவர் அதற்கு முந்தைய வருடம் காலமாகிவிட்டார். பேவர் பிளாக்கைப் பெயர்த்து நான்கு இடத்தில் தோண்டினோம். இரண்டு நாள் சி பிளாக்கில் தண்ணீர் இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் எழுபது வயது அம்மா குடத்தோடு படியேறியதை நான் பார்த்தேன். ஐந்தாவது குழியில் வால்வு கிடைத்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கிளையின் கணக்கு முழுவதும் ஒரே ஒரு ஊழியரின் மண்டைக்குள் இருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? நம் 48 வீட்டின் தண்ணீர்க் கணக்கு அப்படித்தான் ஒருவர் மண்டைக்குள் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது. அதற்கு ஒரு பேரேடு போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்டார்கள். "வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு அடி" என்று எழுதலாம். வேப்பமரத்தை வெட்டிவிட்டால்? அதனால்தான் வரைபடம். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், "அப்பா, க்யூஜிஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான், முயன்று பாருங்கள்" என்றான்.

ஜிஐஎஸ் என்றால் புவியியல் தகவல் முறைமை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நமக்குப் பழக்கமான பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, விவரம், தொகை இருக்கும். இதில் கூடுதலாக 'இடம்' என்று ஒரு தகவல் சேர்கிறது. அந்த இடத்தை வைத்து மென்பொருள் திரையில் புள்ளி வைக்கும், கோடு இழுக்கும், பரப்பை நிரப்பும். புள்ளியைத் தொட்டால் பேரேட்டின் வரி வரும். வரியைத் தொட்டால் புள்ளி ஒளிரும். இவ்வளவுதான்.

இடத்தோடு சேர்த்துப் பார்த்தால் என்ன லாபம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1854-இல் லண்டனில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறப்பு நேர்ந்த வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். பிராட் தெருவில் இருந்த ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றியே அவை குவிந்திருந்தன. அதுவும் தண்ணீர் விஷயம்தான் என்பதைக் கவனியுங்கள்.

க்யூஜிஸ் மென்பொருளை 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் இருந்து பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். கட்டணம் கிடையாது, உரிமம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. அதன் சொந்த இணையதளத்தில் இருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பதிப்புகள் இருக்கும். ஒன்று புத்தம் புதியது, மற்றது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. அடிக்கடி மாறாது. என் மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது.

திறந்தவுடன் நூறு பொத்தான்கள் தெரியும். தொண்ணூறுகளில் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று வந்த அதே பயம் எனக்கு வந்தது. அந்த நூறில் முதல் மாதம் முழுவதும் நான் தொட்டது பத்துக்கும் குறைவு. இடது பக்கம் 'பிரவுசர்' என்ற பகுதியில் 'எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' என்று இருக்கும். அதற்குள் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்'. இரண்டு முறை தட்டினால் உலக வரைபடம் வந்துவிடும். பெரிதாக்கிக்கொண்டே வந்தால் தேனி வரும், பழைய பேருந்து நிலையம் வரும், நம் தெரு வரும்.

நேராகக் குடியிருப்பு வேலைக்குப் போகாமல் முதலில் ஒரு பயிற்சி செய்தேன். நம் பள்ளத்தாக்கின் ஊர்களை எக்செல்லில் எழுதினேன். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்று பத்திகள். தேனி 10.01, 77.48. போடி 10.01, 77.35. சின்னமனூர் 9.84, 77.38. உத்தமபாளையம் 9.80, 77.33. கம்பம் 9.74, 77.28. அதைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தேன். சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகிவிடும். பிறகு க்யூஜிஸில் 'லேயர்' மெனு, 'ஆட் லேயர்', 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்'. கோப்பைக் காட்டி 'ஆட்' கொடுத்தேன்.

தேனி மாவட்டத்தில் ஒரு புள்ளியும் விழவில்லை. தேடித் தேடிப் பார்த்தால், ஐந்து ஊரும் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுக்குப் பக்கத்தில் பனிக்கடலில் மிதக்கின்றன! சிரிக்காதீர்கள், நீங்களும் ஒருநாள் அங்கே போவீர்கள். கைப்பேசி வரைபடம் அட்சரேகையை முதலில் சொல்லும், தீர்க்கரேகையைப் பிறகு சொல்லும். க்யூஜிஸ் கேட்கும் 'எக்ஸ்' என்பது தீர்க்கரேகை, அதாவது 77. 'ஒய்' என்பது அட்சரேகை, அதாவது 10. நான் பற்றையும் வரவையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு பெட்டிகளையும் மாற்றியதும் ஊர்கள் தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இலக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துல்லியம். ஊரைக் காட்ட அது போதும். நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர், வீட்டைக் காட்டலாம். ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். பைசாவில் எழுத வேண்டிய கணக்கை ரூபாயில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம் அளவை பற்றியது. சுற்றளவு வட்டம் போட 'பஃபர்' என்ற கருவி இருக்கிறது. தேனிப் புள்ளியைச் சுற்றி 5 என்று போட்டேன். ஐந்து கிலோமீட்டர் வரும் என்று நினைத்தேன். தமிழ்நாடும் கேரளாவும் முழுவதுமாக உள்ளே வந்தன, கொழும்பும் வந்தது! என் கோப்பு டிகிரியில் இருந்ததால் அது ஐந்து டிகிரி என்று எடுத்துக்கொண்டது. ஒரு டிகிரி என்பது இங்கே சுமார் 110 கிலோமீட்டர்.

தூரம், பரப்பு பார்க்க வேண்டுமானால் டிகிரியை மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 'யுடிஎம்' என்று ஒரு முறை. பூமியை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தேனி மாவட்டம் 43 வடக்கு மண்டலத்தில் இருக்கிறது. க்யூஜிஸில் அதன் எண் 32643. கிழக்கே 78 டிகிரியைத் தாண்டியதும் 44-ஆம் மண்டலம் தொடங்கிவிடும். மதுரை நகரம் அதில் இருக்கிறது, அதன் எண் 32644. மதுரையில் இருக்கும் உங்கள் சம்பந்தி இதைக் கற்றுக்கொண்டால் நம் எண்ணை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். கிளைக்குக் கிளை கோட் எண் மாறுவது போலத்தான். மாற்றிய பிறகு அளந்து பார்த்தேன். தேனியில் இருந்து கம்பம் நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர்.

மூன்றாவதாக ஆசைக்கு ஒன்று செய்தேன். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் எண்டவர் 11 நாள் பறந்து, பூமியின் மேடுபள்ளத்தை ரேடார் மூலம் அளந்தது. அந்த உயரத் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. நம் இஸ்ரோவின் 'புவன்' தளத்திலும் உயரத் தகவல் உண்டு. அமெரிக்கக் கோப்புகள் ஒரு டிகிரிக்கு ஒரு சதுரமாக இருக்கும். நான் ஒன்றை மட்டும் இறக்கினேன். தேனி இருந்தது, கம்பம் இல்லை. என்னவென்று பார்த்தால் 10 டிகிரிக் கோடு தேனிக்குச் சற்றுத் தெற்கே போகிறது. தேனி ஒரு சதுரத்தில், வீரபாண்டியும் சின்னமனூரும் கம்பமும் அடுத்த சதுரத்தில். இரண்டையும் இறக்கி 'மெர்ஜ்' செய்தேன். 'ஹில்ஷேட்' போட்டதும் மலைகள் நிழலோடு எழுந்து நின்றன.

அறுபது வருடமாக இந்த மண்ணில் இருக்கிறேன். மேற்கே மலை, கிழக்கே மேகமலை, நடுவில் நாம் என்று தெரியும். ஆனால் கூடலூரில் இருந்து தேனி வரை நீண்டு கிடக்கும் அந்தத் தொட்டியை ஒரே பார்வையில் அன்றுதான் பார்த்தேன். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, வழியெல்லாம் வயலை நனைத்து, வைகையோடு சேர்ந்து அணைக்குப் போவது ஏன் இந்த வழியாகத்தான் என்று அந்த நிழல் படமே சொல்லிவிடுகிறது. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை ஒரு முனை, 1959-இல் வந்த வைகை அணை மறுமுனை. நாம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரின் கதை அதற்குள் இருக்கிறது.

இனி நம் குடியிருப்புக்கு வருகிறேன். இங்கேதான் பெரிய தவறு செய்தேன்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வு மூடியாகப் போய் நின்று, ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து, வரைபடத்தில் ஏற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மாதம் கழித்து ஏ பிளாக் வால்வு மூடி, பார்க்கிங்கில் கொட்டிய மணலுக்கு அடியில் போய்விட்டது. "என் வரைபடம் இருக்கிறது" என்று பெருமையாகப் போய் இடத்தைக் காட்டினேன். தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. வால்வு அங்கிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்தது. கடப்பாரை பிடித்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

திறந்த வெளியிலேயே கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் கூடும். திரையில் பெரிதாக்கினால் புள்ளி கூர்மையாகத் தெரியும், ஆனால் அந்தக் கூர்மை அளவில் இல்லை. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டதால் கணக்கில் பிழையே இல்லை என்று சொல்ல முடியாது என்பதைப் பி.காம். முதல் வருடத்திலேயே படித்தவன் நான். இருந்தும் ஏமாந்தேன்.

பிறகு டேப் எடுத்தேன். 1802-இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். கட்டடத்தின் இரண்டு மூலைகள் போதும். ஒரு மூலையில் இருந்து வால்வுக்கு எத்தனை மீட்டர், இன்னொரு மூலையில் இருந்து எத்தனை மீட்டர் என்று அளந்தோம். க்யூஜிஸில் அந்த இரண்டு மூலையைச் சுற்றியும் அதே அளவில் பஃபர் வட்டம் போட்டால், இரண்டு வட்டமும் வெட்டும் இடத்தில் வால்வு. வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். நமக்கு ஒன்று வீட்டுக்குள் விழும், ஆகவே எது சரி என்பதில் குழப்பம் இல்லை. பி பிளாக் கல்லூரி மாணவிகள் இருவர் டேப் பிடித்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்தது.

நம் கட்டடம் முழுவதுமே செயற்கைக்கோள் படத்தில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால் நமக்கு நஷ்டம் இல்லை. சுவருக்கும் வால்வுக்கும் உள்ள தூரம் சரியாக இருந்தால் போதும், கடப்பாரை சரியான இடத்தில் விழும்.

சங்கத்தில் இருந்த பழைய பிளானையும் ஸ்கேன் செய்து 'ஜியோரெஃபரன்சர்' என்ற கருவியால் கட்டட மூலைகளோடு பொருத்தினேன். அதில் குழாய்கள் அழகாக வரைந்திருக்கின்றன. ஆனால் நாம் ஏப்ரலில் கண்டுபிடித்த வால்வு பிளானில் காட்டிய இடத்தில் இல்லை. பிளான் என்பது பட்ஜெட். தரைக்கு அடியில் இருப்பது நிஜச் செலவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

இதில் இருந்துதான் என் வரைபடத்தின் முக்கியமான பத்தி பிறந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எண், வகை, எந்த பிளாக்குக்குப் போகிறது என்பதோடு, "எப்படித் தெரியும்" என்று ஒரு பத்தி வைத்தேன். அதில் மூன்று பதில்கள்தான் உண்டு: அளந்தது, பிளானில் உள்ளது, கேட்டது. அளந்ததற்குப் பச்சை, பிளானுக்கு மஞ்சள், கேட்டதற்குச் சிவப்பு. கூடவே தேதி. வவுச்சர் இல்லாத பதிவை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். சிவப்புப் புள்ளிகள் நம் சஸ்பென்ஸ் கணக்கு. இன்று 23 வால்வுகள் பச்சையில் இருக்கின்றன. நான்கு இன்னும் சிவப்பில் இருக்கின்றன. இதைக் கற்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: பொத்தான்களை யாரும் கற்றுக்கொள்ளலாம், எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுதாத வரைபடத்தை நம்பிக் கடப்பாரை எடுக்காதீர்கள்.

சேமிப்பது பற்றி மூன்று எச்சரிக்கை. முதலாவது, க்யூஜிஸில் 'புராஜெக்ட்' என்பது பொருளடக்கம் மாதிரி. தகவல் வேறு கோப்பில் இருக்கும். புராஜெக்டை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் அங்கே திறக்காது. நான் கொண்டுபோய் அசடு வழிந்திருக்கிறேன். இரண்டாவது, 'டெம்பரரி ஸ்க்ராட்ச் லேயர்' என்பதில் வரைந்தால் மென்பொருளை மூடும்போது போய்விடும். மூடும்முன் எச்சரிக்கும், அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிடாதீர்கள். மூன்றாவது, 'ஷேப்ஃபைல்' என்ற பழைய வடிவம் ஒன்று. ஒரே பெயரில் நான்கைந்து கோப்புகள் இருக்கும், ஒன்றை விட்டாலும் சிக்கல். 'ஜியோபேக்கேஜ்' வடிவில் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். நம் கணக்கு அதில்தான் இருக்கிறது.

இந்த வரைபடம் எதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லைத் தகராறுக்கு இது சாட்சி ஆகாது. பக்கத்து மனைக்காரரோடு சுற்றுச்சுவர் பேச்சு வந்தபோது, "உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். கூடாது. அதற்கு வருவாய்த்துறையின் புலப்படம் இருக்கிறது, சர்வேயர் இருக்கிறார். அதேபோல வீட்டுக்காரர் பெயர், கைப்பேசி எண் எதையும் இதில் நான் ஏற்றவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கோப்பில் அவை இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிவப்பில் இருக்கும் நான்கு புள்ளிகளும் கழிவுநீர் அறை மூடிகளும் இன்னும் பாக்கி. உங்கள் வீட்டுக்கு முன்னால் முன்பு எப்போதாவது தோண்டிய ஞாபகம் இருந்தால், பழைய புகைப்படம் இருந்தால் கொடுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் படத்தின் பின்னணியில் திறந்த பள்ளம் ஒன்று இருக்கலாம், அது எனக்கு வவுச்சர்.

இன்னொன்றும் கேட்கிறேன். எனக்கு அறுபத்தாறு வயது. பிளம்பர் அண்ணனின் மண்டையில் இருந்ததை என் மடிக்கணினிக்கு மாற்றியதோடு நிறுத்திவிட்டால், ஒரு மண்டையில் இருந்து இன்னொரு மண்டைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். கோப்பின் ஒரு பிரதியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அச்சிட்ட பிரதி ஒன்று பம்ப் அறையில் ஒட்டியிருக்கிறது. வாட்ச்மேன் தம்பிக்குக் கணினி வேண்டாம், மூலையில் இருந்து எத்தனை மீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் காலை பத்து மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். இளைஞர்கள் இருவராவது வாருங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது, உங்களுக்கு இரண்டு வாரம் போதும். ஸ்வால்பார்டுக்கு ஒருமுறை போய்விட்டு வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.